காதுக்குக் கற்ற இங்கிலீஷ்

சென்ற மாதம் முழங்கால் வலிக்காகத் திண்டுக்கல்லில் ஒரு டாக்டரிடம் போயிருந்தேன். சின்ன வயதுப் பெண். கனிவாகத்தான் பேசினார். "ஐயா, ஒண்ணுலருந்து பத்துக்குள்ள உங்க வலிக்கு எத்தனை மார்க் போடுவீங்க?" என்று கேட்டார். ஏழு என்றேன். கம்ப்யூட்டரில் ஏழு ஏறிவிட்டது. வெளியே வந்ததும் என் மகன் சிரித்தான். "என்ன அத்தா, பரீட்சைப் பேப்பர் திருத்துற வாத்தியார் மாதிரி சட்டுனு போட்டுட்டீங்க."

அந்த டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். வாசலில் அத்தனை கூட்டம். ஆனால் அங்கே பயிற்சிக்கு வந்திருந்த இரண்டு நர்ஸ் பிள்ளைகள், நான் பழைய ஆஸ்பத்திரிக்காரன் என்று மகன் சொன்னதும், "அப்பல்லாம் எப்படிக் கேப்பீங்க?" என்று பிடித்துக்கொண்டார்கள். நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற விஷயமா அது? அல்லாஹ் நினைவைத் தெளிவாக வைத்திருக்கும்போதே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பழனிக்காரன். அத்தா பஜாரில் யாத்திரைக்காரர்களுக்குக் குடையும் போர்வையும் விற்றார். எனக்குப் படிப்பு எட்டோடு நின்றது. கொடைக்கானல் பஜாரில் மாமாவுக்கு மளிகைக் கடை இருந்தது, அங்கே அனுப்பினார்கள். வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் பங்களாக்காரர்களும் மிஷன்காரர்களும். கடையில் நான் கற்றதெல்லாம் தின்கிற இங்கிலீஷ். கிராம்புக்கு க்ளோவ், ஜாதிக்காய்க்கு நட்மெக், அப்புறம் மார்மலேட், வினிகர். அதற்கு மேல் ஒரு வாக்கியம் வராது.

ஒரு நாள் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஏலக்காய் வாங்க வந்தார். வெளிநாட்டுக்காரர், நடுவயது, உயரம். இரண்டு டப்பாவுக்கும் என்ன வித்தியாசம் என்றார். ஒன்று பழசு, வாசனை இறங்கிவிட்டது. அதைச் சொல்ல எனக்கு இங்கிலீஷ் இல்லை. இரண்டையும் முகரக் கொடுத்து, "திஸ் ஸ்லீப்பிங். திஸ் அவேக்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டையும் மறுபடி முகர்ந்து பார்த்தார். அடுத்த வாரம் மாமாவிடம் வந்து, இந்தப் பையனை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீர்களா என்று கேட்டார். மாமா இரண்டு நாள் முனகிவிட்டு அனுப்பினார். ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது.

புறநோயாளிகள் வரும் கூடத்தில் எனக்கு வேலை. சீட்டு எழுதுவது, வரிசை விடுவது. முக்கியமான வேலை, நோயாளி பேசுவதை டாக்டரம்மாவுக்கும் அவர் பேசுவதை நோயாளிக்கும் சொல்வது. அங்கிருந்த நர்ஸ் மலையாளம். மேல்மலைச் சனங்கள் பேசும் தமிழ் அவருக்குப் பாதிக்கு மேல் பிடிபடாது. இந்த மொழிபெயர்ப்பு வேலைக்காகப் பஜாரில் என்னைத் 'துபாஷ் ராவுத்தர்' என்று கேலி பண்ணினார்கள். டாக்டரம்மா மட்டும் முதல் நாளிலிருந்து 'மிஸ்டர் ராவுத்தர்' என்றார். எனக்கு அப்போது மீசை சரியாக அரும்பவில்லை.

முதல் நோயாளி கன்னிவாடியிலிருந்து ஏறி வந்த ஒரு விவசாயி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஹி ஸேஸ் ஸ்டமக் பெயின், டாக்டர்" என்றேன். டாக்டரம்மா பேனாவை மேஜையில் வைத்தார். பேனாவைக் கீழே வைத்தால் நாம் தப்புப் பண்ணியிருக்கிறோம் என்று அர்த்தம். குரலை உயர்த்த மாட்டார்.

"மிஸ்டர் ராவுத்தர், 'அவர் சொல்கிறார்' என்று சொல்லாதீர்கள். அவர் 'நான்' என்றால் நீங்களும் 'நான்' என்று சொல்லுங்கள். இந்த அறைக்குள் நீங்கள் இல்லை. அவரும் நானும்தான் இருக்கிறோம்."

சரி என்றேன்.

"இரண்டாவது, வலி என்பது மூடின பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்."

அந்த விவசாயியிடம் திரும்பி, எப்படி வலிக்கிறது என்று கேட்டேன். "அதாங்க, கொடையுது. வெறும் வயித்துல எலி கொடைஞ்சாப்புல. ரெண்டு வாய்ச் சோறு போட்டா அடங்கிக் கெடக்கும்" என்றார். எனக்கு எலி தெரியும், சோறு தெரியும். நடுவில் உள்ள வார்த்தைக்கு இங்கிலீஷ் தெரியவில்லை. கடையில் எலி கடித்த அரிசி மூட்டையை நினைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக் காட்டினேன். "நாயிங்" என்றார் டாக்டரம்மா; கொறிப்பதற்கு இங்கிலீஷ். பேனாவை எடுத்து எழுதினார். நான் விலைக்கோ எடைக்கோ அல்லாமல் கற்ற முதல் இங்கிலீஷ் வார்த்தை அதுதான்.

மூன்றாவது விதி சில வாரம் கழித்து வந்தது. எனக்கு வார்த்தைகள் சேர ஆரம்பித்ததும், நோயாளிக்கு உதவி செய்வதாக நினைத்து நானே அடுக்கிக் கேட்பேன். "எரியுதா, குத்துதா, விண்ணு விண்ணுனு தெறிக்குதா?" நம் சனங்களுக்கு ஒரு வழக்கம். பெரிய இடத்தில் நின்று கேள்வி கேட்டால் இல்லை என்று சொல்வது மரியாதை ஆகாது. எரியுதா என்றால் ஆமாங்க. குத்துதா என்றால் ஆமாங்க. காலில் அடிபட்டு வந்த ஒரு கிழவர், இருமல் உண்டா என்றதற்கும் ஆமாங்க என்று சொல்லி, மரியாதைக்கு ஒரு முறை இருமியும் காட்டினார். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். அன்று முதல் நான் நோயாளிக்கு ஒரு வார்த்தையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. நானாக ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: "அப்புறம்?" அவ்வளவுதான்.

நாலாவது விதி, அறைக்குள் பேசப்படுகிற எதையும் விடாமல் சொல்ல வேண்டும். மாமியார் மருமகளைத் திட்டினாலும், நோயாளி பல்லிச் சத்தத்துக்கு 'முருகா' என்று சொன்னாலும், அதுவும் டாக்டரம்மா காதுக்குப் போக வேண்டும். எது வேண்டியது எது வேண்டாதது என்று பிரிப்பது என் வேலை இல்லை. இந்த விதிதான் எனக்கு உடனே மனசில் இறங்கியது. பிறர் நம்மிடம் ஒப்படைத்த பொருளை அமானிதம் என்போம். அதில் ஒரு பருக்கை குறைந்தாலும் மறுமையில் கேள்வி உண்டு. பிறர் சொல்லும் அப்படித்தானே என்று தோன்றியது. வாயைத் திறக்குமுன் மனசுக்குள் ஒரு பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் டாக்டரம்மா எனக்கு ஒரு வார்த்தை கொடுப்பார். பள்ளிக்கூடப் புத்தகத்தில் கிடைக்காத வார்த்தை. அடுத்த வெள்ளிக்குள் அந்த வார்த்தையை எங்காவது நேரில் சந்தித்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். யார் உடம்பிலாவது, அல்லது என் உடம்பிலேயே. சந்திக்காவிட்டால் புது வார்த்தை கிடையாது. பழையதோடு இன்னொரு வாரம் அலைய வேண்டும்.

'ஹாரிபிலேஷன்' என்று ஒன்று கொடுத்தார். மறுநாளே கிடைத்துவிட்டது. மார்கழி மாதம், விடியலுக்கு முன்னால் பஜ்ர் தொழுகைக்கு ஒளூ செய்யத் தண்ணீரைக் கையில் ஊற்றினேன். கொடைக்கானல் மார்கழித் தண்ணீர். முழங்கை வரை ஒவ்வொரு மயிரும் எழுந்து நின்றது. அப்போது எனக்குக் கல்யாணமாகியிருந்தது; வீட்டில் மனைவியிடம் அந்த வார்த்தையைப் பெருமையாகச் சொன்னேன். "புல்லரிப்புன்னு அழகா ஒண்ணு இருக்கையில இது என்னங்க, காலி டின்னை மாடிப்படியில உருட்டி விட்டாப்புல" என்றாள்.

நோன்பு மாதத்தில் ஒரு பிற்பகல், நோயாளி பேசிக்கொண்டிருக்கும்போது என் வயிறு கடகடவென்று உருண்டது. அறை முழுக்கக் கேட்டது. டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தாமல், "பார்பரிக்மஸ், மிஸ்டர் ராவுத்தர். அந்த வார்த்தையைச் சந்தித்துவிட்டீர்கள், அடுத்த வெள்ளிக்கு வேறு" என்றார். சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்ற ஒரு பெண்பிள்ளையிடம் 'பைகா'வைச் சந்தித்தேன். அவள் அம்மா அதைத் திருட்டுப் புத்தி என்று அடித்துக்கொண்டிருந்தாள். ரத்தம் குறைந்த நோய் என்று தெரிந்து இரும்புச் சத்து மருந்து கொடுத்தார்கள். அந்த வார்த்தை தெரியாமல் இருந்தால் அவள் சுண்ணாம்பு தின்பதை அம்மா சொன்ன முணுமுணுப்பில் நான் கவனித்திருப்பேனா என்பது சந்தேகம்.

'ஃபார்மிகேஷன்' என்ற வார்த்தைக்குத்தான் அதிக நாள் அலைந்தேன். லத்தீனில் எறும்புக்கு உள்ள பெயரிலிருந்து வந்ததாம். தோலுக்கு அடியில் எறும்பு ஊர்வது போலத் தோன்றும். பார்த்தால் எதுவும் இருக்காது. சொறிந்தாலும் தீராது, ஏனென்றால் கோளாறு தோலில் இல்லை, நரம்பில். கடைசியில் பஜார்த் தையல்காரர் ஒருவரிடம் கிடைத்தது. சர்க்கரை வியாதிக்காரர். மிஷினை நிறுத்தி நிறுத்திப் பாதத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். "என்ன பாய், இந்தக் குளுருல ஏது எறும்பு? தொடைக்கத் தொடைக்க ஊருது. சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தமே வந்துருச்சு, போக மாட்டேங்குது" என்றார். அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், "ஐ ஹாவ் ஃபார்மிகேஷன், டாக்டர்" என்று அவருக்காகச் சொன்னேன்.

பேனா கீழே போனது. "அது அவர் சொன்ன வார்த்தையா?"

இல்லை என்றேன்.

"நான் வெள்ளிக்கிழமை கொடுப்பது உங்கள் காதுக்கு, மிஸ்டர் ராவுத்தர். என்ன கேட்கிறோம் என்று தெரிந்து கேட்பதற்கு. உங்கள் வாயில் அவருடைய வார்த்தைதான் இருக்க வேண்டும்."

இத்தனை பாடுபட்டுக் கற்றதை வாயால் சொல்லக் கூடாது என்றால் எனக்கு வருத்தமாக இருக்காதா? இருந்தது. போய்ச் சீட்டு எழுதினேன். பல வருஷம் அந்த வார்த்தைகள் உள்ளேயே கிடந்தன.

இனி, நர்ஸ் பிள்ளைகளுக்குச் சொல்ல நினைத்த விஷயம். அறுபதுகளின் தொடக்கம். பஜாரில் சந்தை நாள். மேல்மலையில் போளூரிலிருந்து உருளைக்கிழங்கு லாரியில் ஒருவர் வந்து இறங்கினார். வீரணன் என்று பெயர். ஐம்பது வயது இருக்கும், தோளில் கம்பளி. பின்னால் நாலு எட்டு தள்ளி ஓர் இளம்பெண், இடுப்பில் தவழ்கிற வயசுப் பையன். சீட்டு எழுதுமுன் வீரணன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பாய், ஒரு சோலி. இது என் தம்பி பொஞ்சாதி, சின்னத்தாயி. தம்பி எஸ்டேட்டு வேலைக்குப் போயிருக்கான். இவளுக்கு முழங்கைக்கு மேல வெளுத்துக் கெடக்கு. ஊருல பெருநோயின்னு பேசுறாக. தண்ணிக்கு இவ போனா மத்தவுக ஒதுங்கிக்கிறாக."

பெருநோய் என்றால் தொழுநோய். "டாக்டரம்மா பாக்கட்டும்" என்றேன்.

"பாக்கட்டும். அதுதான்னு அவுக வாயால சொல்லிட்டா, இன்னைக்கே ஆள விட்டு வெள்ளகவியில இவ ஆத்தா வீட்டுக்கு எறக்கிட்டு நான் வெரசா லாரி ஏறிருவேன். எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு பாய், கட்டிக் கொடுக்கணும்."

"கைப்புள்ள?"

"அது எங்க வீட்டுப் புள்ள. எங்ககூட இருக்கும்."

அந்தப் பெண் காதில் விழுந்ததா என்று பார்த்தேன். பையனின் இடுப்புக் கயிற்றை இறுக்கி முடிந்துகொண்டிருந்தாள். முடிந்ததை அவிழ்த்து மறுபடி முடிந்தாள்.

பெண் நோயாளி என்றால் குறுக்கே துணித் திரை போட்டிருக்கும். டாக்டரம்மாவும் ஆயாவும் நோயாளியும் அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம் நின்று குரலை மட்டும் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பேன். அன்று வீரணனும் என் பக்கத்தில் நின்றார். "கொஞ்சம் டீ சாப்பிட்டுட்டு வாங்களேன்" என்று சொல்லிப் பார்த்தேன். "டீயெல்லாம் வேணாம் பாய். ஊருக்குப் போயி நான்ல பதில் சொல்லணும்" என்றார். அதுவும் நியாயம்தான்.

டாக்டரம்மா உள்ளே இருந்து, எப்போதிலிருந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். வீரணன் திரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "உணர்ச்சியே இல்லீங்க. மரக்கட்டை மாதிரி கெடக்கு." விதிப்படி நான், "எனக்கு அங்கே உணர்ச்சி இல்லை, மரக்கட்டை போல இருக்கிறது" என்றேன்.

"யாருடைய கை, மிஸ்டர் ராவுத்தர்?"

"நோயாளியின் கை, டாக்டர். குரல் அவருடைய கொழுந்தனுக்கு அண்ணன் முறை." அவசரத்தில் உறவைச் சுற்றி வளைத்துச் சொல்லிவிட்டுத் திருத்தினேன். "கணவரின் அண்ணன்."

"அப்படியானால் அது அவருடைய கதை. கையின் கதை எனக்கு வேண்டும்."

கிடைக்கவில்லை. மேல்மலையில் ஒரு பெண் தன் புருஷனின் அண்ணன் காதுபட வாய் திறந்து பேச மாட்டாள். அவர் வந்தால் எழுந்து ஒதுங்கி நிற்பாள். திரை ஆளை மறைத்தாலும் குரலை மறைக்காதல்லவா. பேசாமல் தலையாவது அசைக்கட்டும் என்று டாக்டரம்மா பஞ்சு நுனியால் வெளுத்த இடத்தைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். ஆயா உள்ளே இருந்து, "தலைய ஆட்டுறாம்மா" என்றாள். தெரியவில்லையா என்று கேட்டார். "அதுக்கும் ஆட்டுறா" என்றாள் ஆயா. "எதுக்கு வேணாலும் ஆட்டுவா போல. விட்டா எனக்கும் ஆட்டுவா."

பஞ்சு தொடுவது தெரிந்தால் ஒரு நோய், தெரியாவிட்டால் வேறு நோய். அதைச் சொல்ல வேண்டியவள் பேச முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள். "கேட்டியளா பாய், ஒரு வார்த்தை வருதா? தெரிஞ்சாத்தானே சொல்லுவா" என்றார் வீரணன். அவர் குரலில் சந்தோஷம் இல்லை.

அப்போது உள்ளே ஏதோ தட்டுப்பட்டு விழுந்தது. பையன் பஞ்சுத் தட்டை இழுத்திருக்கிறான். ஒரு தாழ்ந்த குரல், நான் அதுவரை கேட்காத குரல், அவனை அதட்டியது: "ஏலே, சும்மா இருடா. ஒங்காத்தாளுக்கு அங்கயே அரிச்சுக்கிட்டுக் கெடக்கு, நீ வேற பிறாண்டுற."

பிள்ளையைத் திட்டுவதும் அறைக்குள் பேசிய பேச்சுதான். அப்படியே சொன்னேன். உள்ளே நாற்காலி நகர்ந்தது.

"மறுபடி சொல்லுங்கள்" என்றார் டாக்டரம்மா. மறுபடி சொன்னேன். "அவர் பையனிடம் பேசலாமா?"

"பேசலாம் டாக்டர். பிள்ளையிடம் பேசுவது இவரிடம் பேசுவது ஆகாது. இங்கே வழக்கம்."

"சரி. அந்தப் பையனிடம் கேளுங்கள்."

எனக்குக் கல்யாணமாகி எனக்கே பிள்ளைகள் இருந்தார்கள். இருந்தாலும் துணித்திரையைப் பார்த்துக்கொண்டு, பேச்சு வராத குழந்தையிடம் வியாதி விசாரித்தது அன்று ஒரு நாள்தான். "ஏப்பா தம்பி, ஒங்கம்மாவுக்கு அந்த எடத்துல எப்படி இருக்காம்?"

உள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. "சொல்லுடா ராசா. களையெடுக்கையில வேர்த்தா எறும்பா இருக்குன்னு சொல்லு."

எறும்பு. தையல்காரரின் பாதம் கண்ணுக்கு முன்னால் வந்தது. பெருநோய் நரம்பைப் பிடிக்கிற நோய் என்பதும் எனக்குத் தெரியும். இவள் சொல்வது தோலுக்கு அடியில் ஊர்கிற எறும்பு என்றால் இவள் வெள்ளகவிக்கு இறங்க வேண்டியவள். தோலுக்கு மேலே கடிக்கிற எறும்பு என்றால் பிள்ளையோடு வீட்டுக்குப் போக வேண்டியவள். எந்த எறும்பு என்று நான் கேட்கக் கூடாது. ஊருதா என்று எடுத்துக் கொடுத்தால், மரியாதைக்கு ஆமாம் என்று சொல்லிவிடுவாள். கடிக்குதா என்றாலும் ஆமாம்தான்.

"எனக்கு வேர்க்கும்போது அங்கே எறும்பாக இருக்கிறது" என்று மட்டும் இங்கிலீஷில் சொன்னேன். டாக்டரம்மாவும் கேள்வி கேட்கவில்லை. காத்திருந்தார்.

நான் திரையைப் பார்த்து, "அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்னாடா? சொறிஞ்சா சொகமா இருக்கு. நிழல்ல ஒக்காந்தா ஒண்ணுந் தெரியல. இதைப் போயி யாருகிட்டச் சொல்ல?"

சொறிந்தால் சுகம். தையல்காரர் ரத்தம் வரச் சொறிந்தும் போகவில்லை என்றார். இரண்டும் ஒன்றல்ல என்று என் காதுக்குத் தெரிந்துவிட்டது. வாய்க்குத் தெரியக் கூடாது. அவள் சொன்னதை, 'யாருகிட்டச் சொல்ல' உட்பட, அப்படியே மாற்றிச் சொன்னேன்.

அதற்குப் பிறகு டாக்டரம்மா பஞ்சை மறுபடி எடுத்தார். இந்த முறை பையனை அவள் மடியில் வைத்து, அவளைச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னார். தன் கையில் என்ன நடக்கிறது என்று அவள் பையனுக்குச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். தெரியாவிட்டால் பேசாமல் இருக்க வேண்டும்.

"ஈ ஒக்காருதுடா" என்றாள். ஐ ஹாவ் எ ஃப்ளை ஸிட்டிங், என்றேன்.

சற்று அமைதி. "இப்ப மறுபடி ஈ." பிறகு நீண்ட அமைதி. பையன் ஏதோ மழலை பேசினான். "ஒண்ணுமில்லடா, சும்மா இரு." பிறகு, "ஊசி. ஊசிடா ராசா, ஒங்காத்தாளைக் குத்துறாக." பையன் சிரித்தான். அவனுக்கு விளையாட்டு. அந்தச் சிரிப்பை மட்டும் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இப்படியே கொஞ்ச நேரம் நடந்தது. பிறகு டாக்டரம்மா வெளுத்த இடத்திலிருந்து செதிளைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் எடுத்துக்கொண்டு, மைக்ராஸ்கோப் இருந்த அறைக்குப் போனார்.

நண்பகல் லுஹர் தொழுகை நேரம் ஆகியிருந்தது. கூடத்து மூலையில் துண்டை விரித்துத் தொழுதேன். முடித்துத் திரும்பினால் வீரணன் பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா பாய் கேட்டீக, அல்லாகிட்ட?"

"எனக்குத்தான் கேட்டேன். என் நாக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ சாஞ்சிறக் கூடாதுன்னு."

அவர் கம்பளி நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "நான் பழனியாண்டவருக்கு நேந்திருக்கேன். அது இல்லைன்னு வந்துட்டா முடியெறக்குறேன்னு. யாருக்கும் தெரியாது. ஊருல நான் இவள வெரட்டத்தான் கூட்டிட்டுப் போறேன்னு நெனைக்கிறாக."

"நீங்க என்ன நெனைச்சுக் கூட்டிட்டு வந்தீக?"

"ரெண்டையும் நெனைச்சுத்தான் பாய்" என்றார்.

அவர் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்.

டாக்டரம்மா திரும்பி வந்ததும், திரைக்கு வெளியே வந்து வீரணன் முன்னால் நின்று பேசினார். நான் 'நான்' என்றே சொன்னேன். "இது பெருநோய் இல்லை. தேமல். தோலுக்கு மேலே படர்கிற ஒரு பூஞ்சை. நான் கண்ணால் பார்த்தேன். கந்தகக் களிம்பு பூசினால் போகும். நிறம் திரும்ப மாசக்கணக்கில் ஆகும். அதுவரை வெள்ளையாகத்தான் தெரியும். ஊரில் கேட்டால் அதைச் சொல்லுங்கள்."

வீரணன் உடனே ஏற்கவில்லை. "ஈ, ஊசின்னு அவ சும்மா சொல்லியிருந்தா?"

"நான் பல தடவை தொடுவது போலக் கையைக் கொண்டுபோய்த் தொடாமல் இருந்தேன். அப்போதெல்லாம் அவர் ஈ என்றோ ஊசி என்றோ சொல்லவில்லை. தொட்டபோது ஒரு தடவையும் தவறவில்லை. பஞ்சுக்கு ஈ, ஊசிக்கு ஊசி, மாற்றிச் சொல்லவில்லை."

அவர் அதை யோசித்தார். பிறகு, "அவ கையால வாங்கித் திங்கலாமா?" என்று கேட்டார். அதை நான் மாற்றிச் சொன்னபோது டாக்டரம்மாவின் முகம் மாறவில்லை. "நான் திங்கலாம். நீங்கள் திங்கலாம். உங்கள் பெண்கள் திங்கலாம்" என்றார். மூன்று வாக்கியங்களாகச் சொன்னார். நானும் மூன்றாகவே சொன்னேன்.

வீரணன் கம்பளியைத் தோளில் எடுத்துப் போட்டார். வாசல் வரை போய் நின்றார். பஜார்ப் பக்கம் லாரி ஹாரன் அடித்தது. திரும்பி வந்து, அவளைப் பார்க்காமல், துணித்திரையின் கீழ் விளிம்பைப் பார்த்துக்கொண்டு, குரலைக் கொஞ்சம் உயர்த்தினார்.

"ஏலே, ஒங்காத்தாளைக் கெளம்பச் சொல்லுடா. லாரி போயிரும். மேல வேற மழை கட்டிக்கிட்டு நிக்கி."

அவர் அந்தப் பையனிடம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு மறுபடி வாசலில் போய் நின்றார்.

"என்ன சொல்கிறார்?" என்றார் டாக்டரம்மா.

சொன்னேன். 'போய்விடும்', 'மழை', எதையும் விடவில்லை. டாக்டரம்மா களிம்பு டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அதைத் திரைக்கு அடியில் ஆயாவிடம் நீட்டினார்.

"நல்லது, மிஸ்டர் ராவுத்தர். காலையில் ஒரு தடவை, படுக்கும்போது ஒரு தடவை பூச வேண்டும் என்று அந்தப் பையனிடம் சொல்லுங்கள். அவன் அதைத் தின்னக் கூடாது என்றும் சொல்லுங்கள்."

நான் குனிந்து, திரையைப் பார்த்து, பையனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சரிங்கன்னு சொல்லுடா பாய்க்கு" என்றது உள்ளே இருந்து அந்தக் குரல். இந்தத் தடவை தாழ்ந்து வரவில்லை. வாசலில் நின்ற வீரணனுக்கும் கேட்டிருக்கும்.